முன்னாலேயே குத்துகிறது

சென்னியப்பன் டையிங்ஸில் யார் எதை வீணாக்கினாலும் நெஞ்சுக்குழியில் ஒரு குத்து விழும். குழாயை அரைகுறையாக மூடிவிட்டு நகர்ந்தால் குத்து. ஆளில்லாத அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தால், கடைசியாக வெளியே வந்தவருக்குக் குத்து. தட்டில் சோற்றை மிச்சம் வைத்து எழுந்தால், கை கழுவும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் குத்து. எல்லாம் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சட்டைப் பித்தான் அளவு வில்லையின் வேலை.

பெங்களூர்க் கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தது. பெருந்துறைக்காரர்கள் உறுத்தி என்றார்கள். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

வலி என்று அதைச் சொல்ல முடியாது. வலித்தாலாவது ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். பஸ் ஏறிப் பாதி தூரம் போனபிறகு, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று வயிற்றுக்குள் ஒரு பகீர் வருமே, அந்த ரகம். கூடவே, நல்ல மனுஷர் ஒருவரிடம் முகத்தில் அடித்தாற்போலப் பேசிவிட்டு வந்த மாதிரி ஒரு கனம். வீணான பொருள் சின்னதென்றால் சின்னக் குத்து, பெரிசென்றால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தச் சாயப்பட்டறையின் சுற்றுச்சூழல் அதிகாரி பூங்கோதை. உறுத்தி வருவதற்கு முன்னால் அவள் படாத பாடு பட்டாள். தண்ணீரைச் சேமிப்போம் என்று சுவரெல்லாம் ஒட்டினாள். ஒட்டிய தாளுக்குக் கீழேயே குழாய் ஒழுகியது. சுற்றுச்சூழல் தினத்துக்குக் கோலப்போட்டி வைத்தாள். காலியான கலர்ப்பொடிப் பாக்கெட்டுகளைச் சாக்கடையில் எறிந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு பரிசு வாங்க வந்து நின்றார்கள். எல்லாருக்கும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். அது பத்திரமாகப் பல வீடுகளின் ஷோகேஸில் ஏறி உட்கார்ந்தது. இவர்களைத் திருத்த முடியாது, சாமி வந்தாலும் முடியாது என்று அவளே ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் சித்திரையில் உறுத்தி வந்தது. துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி கேட்டது, முதலாளி சென்னியப்பன் வாங்கினார். பூங்கோதை இரண்டு நிபந்தனை வைத்தாள். முதலாளியிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் எல்லாரும் ஒட்டிக்கொள்ள வேண்டும். யாருக்கு எப்போது குத்தியது என்று எங்கேயும் பதிவு இருக்கக்கூடாது.

"பதிஞ்சு வெச்சா அது வாத்தியார் பிரம்பு ஆயிருமுங்க. மனசாட்சி ஆகாது," என்றாள்.

முதலாளி ஒத்துக்கொண்டார். கூரையெங்கும் கண்ணும் மூக்கும் வைத்த சின்னச் சின்னக் கருவிகளைப் பதித்தார்கள். அவை பார்த்ததையும் மோந்ததையும் சாயச்சரக்கு அறைக்குப் பின்னாலிருந்த தாய்ப்பெட்டிக்கு அனுப்பும். தாய்ப்பெட்டி, தப்பு யாருடையது என்று பார்த்து அவர் காதுக்குப் பின்னால் இருக்கும் வில்லையை முடுக்கும். வில்லைக்கு ராத்திரி சார்ஜ் ஏற்றினால் போதும், பச்சையாக மின்னிக்கொண்டிருக்கும். பெட்டியை மூன்று வருஷத்துக்கு யாரும் திறக்க வேண்டியதே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான், கம்பெனியிலிருந்து வந்த நவநீதன்.

சும்மா சொல்லக்கூடாது, தண்ணீர்ச் செலவு மளமளவென்று இறங்கியது. கரண்டும் இறங்கியது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

பூங்கோதைக்குத்தான் மனசு ஆறவில்லை. சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் கேட்டுக்கு வெளியே நடக்கிற கூத்தை அவள் பார்த்தாள். கேட்டைத் தாண்டினால் உறுத்தி அடங்கிவிடும். நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள், வெளியே கால் வைத்ததும் டீக்கப்பையும் மிக்சர் பொட்டலத்தையும் ரோட்டில் விட்டெறிந்தார்கள். எறிந்துவிட்டு, அப்பாடா என்று ஒரு மூச்சு வேறு. சிலர் வேண்டாத துணித்துண்டைச் சாப்பாட்டு டப்பாவுக்குள் திணித்துக்கொண்டு போய் வெளியே கொட்டினார்கள். டப்பாவுக்குள் இருப்பது கூரைக் கண்ணுக்குத் தெரியாதே.

அதைவிடக் கொடுமை மயிலாத்தாள் பட்டபாடு.

மயிலாத்தாள் சாம்பிள் அறையில் வேலை பார்க்கிறவள். வாங்குபவர் அனுப்பிய துணியின் நிறத்துக்குச் சாயத்தைக் கலந்து பார்க்க வேண்டும். நிறம் சேராவிட்டால் ஊற்றிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். அவள் வேலையே அதுதான். ஆனால் ஊற்றினால் குத்தும்.

"அதுக்கு என்ற வேலை என்னன்னு தெரியாது அம்மணி," என்றாள் ஒருநாள் மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடியே. "ஊத்தறனா, குத்தும். சாயந்தரம் ஊட்டுக்குப் போறப்ப யாரையோ கொன்னுபோட்டு வந்தவளாட்டம் போறேன்."

"லீவு போட்டுட்டு ரெண்டு நாள் இருங்க மயிலாக்கா."

"இருந்துட்டு? திரும்பி வந்து மறுக்கா ஊத்தத்தான வேணும்?"

பிசைந்த சோற்றை அவள் சாப்பிடவில்லை. மிச்சம் வைத்தால் அதற்கொரு குத்து விழும் என்பதால், பூங்கோதையே அதை வாங்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். ஆவணிக்குள் மயிலாத்தாள், வளையல் முழங்கை வரை ஏறுகிற அளவுக்கு இளைத்துவிட்டாள். ராசுக்குட்டி மாதிரி ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் ஷிப்ட் மேஸ்திரி. குத்து விழும்போது ஒரு பாக்கைக் கடவாயில் ஒதுக்கிக்கொண்டு, "ஆச்சா? முடிஞ்சுதா?" என்று நெஞ்சைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ஈர மனசுக்காரர்களை வாட்டி, தடித்த தோல்காரர்களை விட்டுவிடும் இந்தச் சனியனை என்ன செய்வது என்று பூங்கோதைக்கு வயிறு எரிந்தது.

நேரே முதலாளியிடம் போய் நின்றாள். "ஒரே ஒரு மாசம் அணைச்சு வெச்சுப் பாக்கலாமுங்க. நம்ம சனங்க அது இல்லாமயே ஒழுங்கா இருப்பாங்க. இல்லைன்னா மறுபடி போட்டுக்கலாம்."

"ஒரு மாசம் தண்ணி ஏறிருச்சுன்னா ஆர்டர் போயிருமம்மணி. வெளையாடாதீங்க," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. சாயத்தொட்டி, பாய்லர், துணி பிழியும் இயந்திரம் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, மாலை போட்டு, அணைத்து வைத்தார்கள். பொரியும் சுண்டலும் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். மறுநாள் விஜயதசமிக்கு அவரவர் இயந்திரத்தை அவரவர் தொட்டுக் கும்பிட்டு ஓட்டினார்கள். மாலை போட்ட கைதான் மறுபடி சுவிட்சையும் போட வேண்டும் என்பது அந்தப் பட்டறையில் வழக்கம். அடுத்தவர் தொட்டால் ஆகாது.

அதற்குப்பின் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் ஒரு விசித்திரமான புகார் வர ஆரம்பித்தது.

"ஏனுங் மேடம், நம்மளுது கெட்டுப்போச்சுங்களா?" என்று முதலில் கேட்டவர் பாய்லர்காரர். "முன்னெல்லாம் தப்பு பண்ணுன பொறகு குத்தும். இப்ப பண்றக்கு முன்னாலயே குத்துதுங்க. கைய நீட்டறேன், படக்குனு நிக்குது."

கேன்டீனில் சமைக்கும் பெண்ணும் அதையே சொன்னாள். அரிசியை அளந்து போடும்போதே, இவ்வளவு வேண்டாம் என்று நெஞ்சில் தட்டுகிறதாம். மயிலாத்தாளும் சொன்னாள், ஆனால் சிரித்துக்கொண்டே.

"இப்பெல்லாம் கலக்கறப்பவே குத்துது அம்மணி. செரி, எதுக்கு வம்புன்னு சின்னக் கிண்ணத்துல துளியூண்டு கலந்து பாத்துக்கறேன். சேர்ந்துச்சுன்னா அப்பறம் பெருசா கலக்கறது. ஊத்தற வேலையே பாதி கொறைஞ்சு போச்சு."

அன்றைக்கு அவள் தட்டில் சோறு மிச்சமில்லை. ரசத்துக்கு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள். பழகிவிட்டாள் போலிருக்கிறது, பாவம் என்று பூங்கோதை நினைத்துக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று, கருவி முன்கூட்டியே குத்துகிறது, என்ன கோளாறு என்று பெங்களூருக்கு எழுதிப் போட்டாள். 'கவலை வேண்டாம், அது எங்கள் புதிய மேம்பாடு' என்று உடனே பதில் வந்தது.

மார்கழியில் மறுபடி ஒருமுறை முதலாளியிடம் அந்த ஒரு மாசத்தைக் கேட்டாள். இந்தத் தடவை சென்னியப்பன் கோபிக்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. ஐப்பசில விடாம ஊத்துச்சே, நெனப்பிருக்குதா? சுத்திகரிப்புத் தொட்டியெல்லாம் ரொம்பி வழியற மாதிரி நின்னுச்சு. வெளிய ஓடைல வெள்ளம். ரெண்டு பொழுது பட்டறைய நிறுத்தோணும், இல்லாட்டி சாயத்தண்ணியத் தொறந்து உடோணும். ஓடற வெள்ளத்துல ஆரு பாக்கப் போறாங்க? வால்வு மேல கைய வெச்சுட்டேன் அம்மணி."

பூங்கோதை நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"குத்துச்சு பாருங்க ஒரு குத்து. அப்புடியே உக்காந்துட்டேன். எங்கப்பன் காலத்துல இந்த ஓடைல குளிச்சிருக்கறேன். நாந்தான் அதக் கெடுத்தவன், நானும் என்னாட்டம் இருந்தவங்களும். மறுக்கா அதையே பண்ணப் போனேன். இந்தப் பித்தான் இல்லீன்னா பண்ணியிருப்பேன்." அவர் காதுக்குப் பின்னால் தொட்டுக்கொண்டார். "சனங்களுக்கு வேண்டாம்னு நீங்க சொல்றீங்க. செரி. எனக்கு வேணும். என்னைய நான் நம்பறதில்லை."

அந்த ஒரு மாசத்தை அப்படியே விட்டுவிட்டு அவள் எழுந்து வந்துவிட்டாள்.

தை பிறந்ததும் நவநீதன் வந்து இறங்கினான். மூன்று வருஷத்துக்குப் புது ஒப்பந்தம். அதோடு, குத்தின் வேகத்தை இரண்டாம் படியிலிருந்து நான்காம் படிக்கு ஏற்றப் போகிறார்கள். விஷயம் மயிலாத்தாளின் காதுக்கு எட்டியதும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"டபுளாக்கறாங்களா? அப்ப நான் இன்னியோட நின்னுக்கறேன் அம்மணி. கோவமெல்லாம் இல்லை. தாங்காது."

முதலாளி அறையில் உட்கார்ந்ததும் நவநீதன் காரிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தான். வைத்துவிட்டு, சூடாகிவிட்டது என்று இன்னொன்றைத் திறந்தான். பார்த்துக்கொண்டிருந்த பூங்கோதைக்குத்தான் நெஞ்சில் சுருக்கென்றது.

"நீங்க ஒட்டிக்கலைங்களா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஸ்கின் அலர்ஜி மேடம்," என்றான் அவன், வெட்கமே இல்லாமல். "இப்போ ரிசல்ட்டைப் பாருங்க சார். முதல் ஆறு மாசத்தைவிடக் கடைசி மூணு மாசம்தான் டாப். தண்ணி, கரண்டு, கழிவு எல்லாமே. என்ன காரணம்? மேடம்கூட எழுதியிருந்தாங்க, முன்னாடியே குத்துதுன்னு. அதான் சார் எங்க அப்டேட். தப்பு பண்ணப் போறவன் மனசை முன்கூட்டியே கணிச்சுடும். உலகத்துல வேற யாருகிட்டயும் கிடையாது."

"கேட்டுக்குங்கம்மணி," என்றார் முதலாளி.

"ஏத்த வேண்டாமுங்க," என்றாள் பூங்கோதை. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "இதுக்கு மேல ஏத்துனா மயிலாக்கா மாதிரி ஆளுங்கதான் செத்துப் போவாங்க. நல்ல மனசு இருக்கறவங்களைத் தொரத்திட்டு யாரை வெச்சுப் பட்டறை நடத்தப் போறீங்க?"

"மேடம், உணர்ச்சிவசப்படாதீங்க. மனுஷனை நம்பி எந்த ஊர் உருப்பட்டிருக்கு? பெட்டி இல்லேன்னா உங்க ஆளுங்க ஒரே வாரத்துல பழைய குருடி ஆயிடுவாங்க. வேணும்னா பந்தயம் கட்டறேன்."

"நானும் அதத்தான் கேக்கறேன். ஒரு மாசம் அணைச்சுப் பாருங்கன்னு."

"முடியாது மேடம். ஒரு மாசம் இது நின்னா உங்க ஓடை தாங்காது."

சென்னியப்பன் கையை உயர்த்தினார். "சண்டை வேண்டாம். ஏத்திருங்க தம்பி. வந்து கையெழுத்துப் போடறேன்."

வேகத்தை ஏற்றுவதானால் தாய்ப்பெட்டியைத் திறந்து கையால்தான் திருப்ப வேண்டும். மூவரும் பட்டறைக்குள் நடந்தார்கள். துணி பிழியும் இயந்திரங்களுக்கு நடுவே போகும்போது வேலையாட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சேதி பரவியிருந்தது. பூங்கோதைக்குத் தன் கால் செருப்புச் சத்தம்கூடப் பிடிக்கவில்லை. சாம்பிள் அறை வாசலில் மயிலாத்தாள் தன் டப்பாவையும் குடையையும் பையில் போட்டு முடிந்துகொண்டு நின்றாள்.

சாயச்சரக்கு அறைக்குப் பின்னால் தடுப்பை ஒதுக்கி நவநீதன் விளக்கைப் போட்டான். போட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

தாய்ப்பெட்டியின் கழுத்தில் மாலை. எப்போதோ சாமந்தியாக இருந்து, இப்போது காய்ந்து பழுப்பாகத் தொங்கியது. பெட்டியின் நெற்றியில் சந்தனம், நடுவே குங்குமம். மேலே சுருங்கி உருண்டையாகிவிட்ட ஒரு எலுமிச்சம்பழம். காலடியில் வாழையிலைத் துண்டு, எறும்பு தின்றது போக மிச்சம் நாலு பொரி. பக்கவாட்டில் இருந்த சுவிட்சின் மேலும் ஒரு பொட்டு. சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது. அதன் விளிம்பில் காய்ந்த சந்தனம் சிலந்திவலைபோல வெடித்திருந்தாலும் விரல் பட்டுக் கலையாமல் அப்படியே இருந்தது.

"என்ன சார் இது?" என்றான் நவநீதன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவசரமாகச் சுவிட்சைத் தள்ளினான். பெட்டி உறுமி எழுந்தது. திரையில் முதலில் வந்த வரியே, அது கடைசியாக அணைந்த நாள். ஆயுத பூஜை.

"ஆரு பண்ணுனது?" சென்னியப்பன் போட்ட சத்தத்தில் பக்கத்து இயந்திரமே நின்றுவிட்டது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் அணைத்துவிட்டு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் பாதிப் பட்டறை வந்து சேர்ந்தது.

"நாந்தானுங்க," என்று பையும் கையுமாக முன்னால் வந்தாள் மயிலாத்தாள்.

"எதுக்கு ஆத்தா?"

"எல்லா மிசினுக்கும் லீவு உட்டோமுங்களே. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுங்க? ராவு பகல் கண்ண மூடாம எங்களையே பாத்துட்டுக் கெடக்குது. இதுக்குன்னு ஒரு ஆளில்லை, பொட்டு வெக்கறக்கு நாதியில்லை. ஒரு நாளாச்சும் தூங்கட்டும்னு அணைச்சு வெச்சனுங்க."

"மறுநா போடலையா?"

"ராவோட ராவா காங்கயத்துல கொழுந்தனாருக்கு ஒடம்பு முடியலைன்னு போன் வந்துதுங்க. போயிட்டு நாலஞ்சு நாள் கழிச்சு வந்தேன். வந்தன்னிக்கே சாயத்த ஊத்தலாம்னு கிண்ணத்தத் தூக்கறேன், குத்துச்சு. செரி, ஆரோ போட்டுட்டாங்காட்ட இருக்குதுன்னு உட்டுட்டனுங்க."

தன்னை அவ்வளவு வாட்டி எடுத்த பெட்டிக்குப் பாவம் பார்த்து லீவு கொடுத்திருக்கிறாள்! பூங்கோதைக்கு முதலில் பட்டது அதுதான். அதற்குப் பின்னால்தான் மற்றது புரிந்தது. விரல்விட்டு மாசங்களை எண்ணினாள். ஆயுத பூஜையிலிருந்து இன்றுவரை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அவள் மன்றாடிக் கேட்ட ஒரு மாசம் மூன்று மாசமாக நடந்து முடிந்திருக்கிறது. அதுவும் இவர்கள் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டாடும் அந்த மூன்று மாசம்.

"இல்லீங்களே, நேத்துக்கூட எனக்குக் குத்துச்சே!" என்றார் பாய்லர்காரர்.

"எனக்குக் காத்தால குத்துச்சு," என்றாள் கேன்டீன் பெண்.

பின்னாலிருந்து ராசுக்குட்டி தலையைச் சொறிந்தபடி வந்தான். "எனக்கு ரொம்ப நாளாக் குத்தவே இல்லீங்க. ரிப்பேருன்னு சொன்னா புதுசா ஒண்ண மாட்டிருவாங்களேன்னு கம்முனு இருந்துட்டேன்."

"அப்பறம் எதுக்குடா குழாயெல்லாம் மூடிக்கிட்டுத் திரிஞ்ச?" என்றார் முதலாளி.

"என்னுங் பண்றது? எல்லாரும் மூடறாங்க. நான் ஒருத்தன் தொறந்து உட்டுட்டுப் போனா நல்லாவா இருக்குது?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. நவநீதன் மட்டும் சிரிக்கவில்லை. "சார், இது பழைய பதிவு. மிஷின் நின்னாலும் மூளையில கொஞ்ச நாள் அந்த எஃபெக்ட் இருக்கும். இப்போ விட்டீங்கன்னா..."

"ஒரு நிமிஷமுங்க," என்றாள் பூங்கோதை. இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. "முன்னாலயே குத்தறது உங்க அப்டேட்டுன்னு சித்த முன்னாடி சொன்னீங்க. அணைஞ்சு கெடந்த பெட்டிக்குள்ள அப்டேட் எப்படிங்க போச்சு? எலுமிச்சம்பழம் வழியாவா?"

மறுபடி சிரிப்பு. அவள் விடவில்லை.

"உங்க பெட்டி கூரைல இருந்து பாக்குது. தண்ணி கீழ போன அப்பறம்தான் அதுக்குத் தெரியும். அதனாலதான் அது எப்பவும் பின்னால குத்துச்சு. கையை நீட்டறதுக்கு முன்னால இந்தாளு என்ன பண்ணப் போறாருன்னு தெரிஞ்சவங்க இங்க ஒரே ஒருத்தர்தானுங்க. அந்தந்த ஆளு. பெட்டி ஆரம்பிச்சு வெச்சுது, இல்லைன்னு சொல்லலை. ஆனா நடத்திட்டு வந்தது எங்க சனங்க."

பெட்டியில் படிகளைத் திருப்புகிற குமிழ்மேல் வைத்திருந்த நவநீதனின் விரல் தானாகக் கீழே இறங்கியது.

சென்னியப்பன் இதையெல்லாம் கேட்டமாதிரியே தெரியவில்லை. பக்கத்திலிருந்த சாய டிரம்மின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். கை நெஞ்சில் இருந்தது.

"அம்மணி."

"சொல்லுங்க."

"அன்னிக்கு மழைல வால்வு மேல கை வெச்சனே... அது ஐப்பசிதான?"

"ஆமாங்க."

"அப்ப இது அணைஞ்சா கெடந்துச்சு?"

"அணைஞ்சுதானுங்க கெடந்துச்சு. மாலையோட."

கிழவர் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப என்னைய ஆரு குத்துனது?"

"வேற ஆருங்க? நீங்கதான்," என்றாள் பூங்கோதை.

பல வருஷமாக அந்தப் பட்டறையின் பக்கத்தில் ஓடுகிற ஓடையை நேருக்கு நேர் பார்க்காமல் தலை திருப்பிக்கொண்டு போன மனுஷர். எல்லார் முன்னாலும் அவர் கண் நிரம்பி வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், வில்லையைப் பிய்த்தார். நாலு முடியும் சேர்ந்து வந்தது. "ஸ்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார்.

"கழட்டுங்க எல்லாரும்," என்றார்.

அப்போது எழும்பிய சத்தத்தைக் கேட்டு வாட்ச்மேன், ஏதோ தொட்டி வெடித்துவிட்டது என்று நினைத்துத் தீயணைக்கும் வாளியோடு ஓடிவந்தார். ஆளாளுக்குக் காதைப் பிய்த்துக்கொண்டார்கள். கேன்டீன் பெண் ஒரு சருவச்சட்டியைக் கொண்டுவந்தாள். வில்லைகள் அதற்குள் பொலபொலவென்று விழுந்தன. யாரோ விசிலடித்தார்கள். பாய்லர்காரர் மயிலாத்தாளின் கையிலிருந்த பையைப் பிடுங்கிச் சாம்பிள் அறைக்குள் வைத்துவிட்டு வந்தார்.

"சார், வாங்குற கம்பெனி ஒத்துக்காது," என்றான் நவநீதன் கடைசியாக.

"அவங்களுக்குத் தண்ணி வேணுமா, பெட்டி வேணுமா? தண்ணியக் காட்டறேன்," என்றார் முதலாளி. "நீங்க இதக் கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. ஆத்தா, மொதல்ல அந்த மாலைய எடு."

மயிலாத்தாள் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாலையைக் கழற்றினாள். அவ்வளவு குத்தியதற்கும் அவளுக்கு அதன்மேல் ஒரு கோபமும் இல்லை. சாமிக்குப் போட்ட பூவைக் குப்பையில் போடுவாளா? கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் உதிர்த்துவிட்டாள்.

மத்தியானமே பூங்கோதை வெளிநாட்டுக் கம்பெனியைத் திரையில் அழைத்து நடந்ததைச் சொன்னாள். அந்தக் கம்பெனியின் சார்பில் பேசிய அம்மாள் முதலில் திகைத்தாள், பிறகு தண்ணீர் விவரங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள், பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பொட்டு வைத்த பெட்டியின் போட்டோ ஒன்று வேண்டும் என்று கேட்டாள். ஆர்டர் அப்படியே இருக்கிறது, பெட்டி பற்றி இனிப் பேச்சில்லை என்றாள். பூங்கோதை அறையைவிட்டு வெளியே வந்து, யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து ஒரு குதி குதித்தாள். ராசுக்குட்டி பார்த்துவிட்டான். பார்க்காதமாதிரி போய்விட்டான், நல்லவன்.

ஷிப்ட் விட்டது. கேட்டுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க அவள் வேண்டுமென்றே நின்றாள். டீ குடித்தவர்கள் கப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு தொட்டியைத் தேடினார்கள். கடைக்காரர் தொட்டி வைத்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "ஏனுங்ணா, ஒரு டப்பா வெக்கறதுக்கு என்ன கேடு?" என்று அவரோடு சண்டைக்குப் போய்விட்டார்கள். இது இன்றைக்கு ஆரம்பித்ததா, கார்த்திகையிலேயே ஆரம்பித்ததா? இத்தனை நாள் கேட்டுக்கு வெளியே கவனிக்காமல் போனோமே என்று இருந்தது அவளுக்கு.

நவநீதன் பெட்டியைக் காரின் பின்னால் ஏற்றிவிட்டு வேர்க்க விறுவிறுக்க நின்றான். முன்சீட்டில், முதலாளி அறையில் திறந்து திரும்ப எடுத்துவந்த இரண்டு பாட்டில்களும் பாதித் தண்ணீரோடு கிடந்தன. இரண்டையும் எடுத்தான். ரோட்டோரச் சாக்கடையைப் பார்த்தான். கையை ஓங்கினான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

இன்னொரு கையால் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. நெஞ்சை ஒருமுறை தேய்த்துக்கொண்டான். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, திருடன் மாதிரி வேப்பமரத்தடிக்குப் போய், உதிர்ந்து கிடந்த சாமந்தியின் மேல் தண்ணீரை ஊற்றினான். காலிப் பாட்டில்களைக் காருக்குள் வைத்தான்.

குடையை விரித்துக்கொண்டு வந்த மயிலாத்தாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குத்துச்சுங்களா தம்பி?" என்று கேட்டாள்.

அவன் அசடு வழியத் தலையாட்டினான்.

"முன்னாலயே குத்துச்சா?"

"ஆமாம்மா."

"அப்ப உங்களுது நல்லா வேலை செய்யுதுங்க," என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.